சிறுவர் நோவும் மருந்தின் சோதனையும்: ஒரு வரலாற்று நோக்கு

கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும், வெள்ளவத்தையிற் கடற்கரையை நோக்கிச் செல்லும் வீதிகளிலும் விளையாடும் சிறுவர் விழுந்து கைகால் சுளுக்கிக்கொள்வது அன்றாட நிகழ்ச்சியாகும். அத்தகைய வேளைகளில் எண்ணெய் தடவுவோர் ஒரு சாரார். முறிவு வைத்தியரிடம் பத்துப் போடுவிப்போர் இன்னொரு சாரார். ஆர்னிக்கா எனும் ஹோமியோபதிக் குளிசையைக் கொடுப்போர் வேறொரு சாரார். சில நாள்களில் நோவு தணிந்துவிடுகின்றது. அதனைத் தணித்தது மருந்தா, காலமா? வினா எளியது, விடை காணும் முறையோ நீண்ட வரலாறு உடையது.

ஜேர்மானிய மருத்துவரான சாமுவேல் ஹானிமன் (1755–1843), ஒத்ததை ஒத்தது தீர்க்கும் எனும் தமது கோட்பாட்டை 1796 இல் வெளியிட்டார். மருந்தின் ஒரு பங்கை 99 பங்கு நீர்மத்திற் கலந்து, அக்கலவையின் ஒரு பங்கை மீண்டும் அவ்வாறே கலப்பது அவர்தம் முறையாகும். இது 30 முறை நிகழின், மூலப்பொருளின் அளவு, 1 இன் பின் 60 சுழியங்கள் கொண்ட எண்ணில் ஒரு பங்காகக் குறுகும். ஏறத்தாழ 12 ஆம் படியைக் கடந்ததும் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சுவது அரிது என்பது பிற்கால இரசாயனம் காட்டிய உண்மையாகும்.

இக்கோட்பாடு 1835 இல் நியூரம்பேர்க் நகரிற் பகிரங்கமாகச் சோதிக்கப்பட்டது. நூறு குப்பிகள் இலக்கமிடப்பட்டுக் கலைக்கப்பட்டன. ஒரு பாதியில் வெண்பனி உருகிய தூய நீரும், மறு பாதியில் 30 ஆம் படிக்கு ஐதாக்கப்பட்ட உப்புக் கரைசலும் இடப்பட்டன. எக்குப்பியில் எது உள்ளதென்பதை அருந்தியோரும் அறியார், வழங்கியோரும் அறியார். ஐம்பதுக்கு மேற்பட்டோர் பங்குபற்றிய அச்சோதனையில், எண்மரே ஏதோ மாற்றத்தை உணர்ந்ததாகக் கூறினர். முத்திரையிட்ட பட்டியல் திறக்கப்பட்டபோது, அவர்களுள் ஐவர் கரைசலையும் மூவர் வெறும் நீரையும் அருந்தியமை தெரியவந்தது. வெறும் நீரும் மாற்றத்தை உணர்த்தவல்லது என்பதே இதனாற் பெறப்பட்ட பாடம்.

ஆர்னிக்காவும் இத்தகைய சோதனைக்கு உட்பட்டதே. கையிற் சத்திரசிகிச்சை பெற்ற 64 பேரிடம் பிரித்தானியாவில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2003 இல் வெளியாயிற்று. ஆர்னிக்கா உட்கொண்டோருக்கும் வெற்றுக் குளிசை உட்கொண்டோருக்கும் இடையே நோவிலோ வீக்கத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இலங்கையில் 1970 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் ஹோமியோபதிக்குச் சட்ட அங்கீகாரம் நல்கியது. எனினும், யார் வைத்தியம் செய்யலாம் என்பதைச் சட்டம் வரையறுக்குமேயன்றி, மருந்து பயன் தருமா என்பதை அது தீர்மானிப்பதில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது தவறாகும்.

சிறுவர் விடயத்தில் இத்தவறு பாரதூரமானது. வளரும் எலும்பின் முனையில் ஏற்படும் முறிவு, வெளிப்பார்வைக்குச் சுளுக்குப் போலவே தோன்றக்கூடும். குளிசையை நம்பிக் காத்திருக்கும் நாள்களில் அவ்வெலும்பு கோணலாகப் பொருந்திவிடலாம். குளிசை தீங்கற்றதாயினும் தாமதம் தீங்கற்றதன்று. தாயின் அரவணைப்பும் காலமும் நோவைத் தணிப்பது உண்மையே. ஆயின் அப்புகழ் குளிசைக்கு உரியதா என்பதை ஒப்புநோக்கிய சோதனையன்றி எவரும் அறுதியிட்டுக் கூறல் இயலாது. நியூரம்பேர்க் மக்கள் ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் உணர்ந்த இவ்வுண்மை, இன்றும் நம் வீடுகளில் உணரப்பட வேண்டியதாகவே உள்ளது.