கரைப்பாதை: பிரான்ஸ் கால்வாயும் மணலி கால்வாயும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடைக் கேட்டுட்டு ஒரு தம்பி எழுதியிருந்தார். "அண்ணே, எப்பப் பார்த்தாலும் நம்ம மணலி, எண்ணூர் கதைதானா? பிரான்ஸ்ல கிராமத்து வழியா மவுன்டன் பைக் ஓட்டுற வீடியோ பார்க்கிறேன். ஏற்றம் இல்ல, பள்ளம் இல்ல, ரெண்டு பக்கமும் மரம். அந்தப் பாதையெல்லாம் யார் போட்டது?"

நல்ல கேள்வி. பதில் தேடிப் போன நான் சுத்திச் சுத்தி மணலிக்கே வந்து நின்னேன். தம்பி மன்னிக்கணும்.

முதல்ல அந்த சைக்கிள். மவுன்டன் பைக் அமெரிக்காவில் பிறந்ததுன்னு பொதுவாகச் சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் மரின் என்ற பகுதி. 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் ஒரு மலைச்சரிவில் போட்டி வைத்தார்கள். ஓட்டியது புது சைக்கிள் இல்ல. தடித்த டயர் போட்ட, முப்பது நாற்பது வருஷப் பழைய சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் வகை. கீழே வந்து சேர்வதற்குள் பிரேக்குக்குள் இருக்கும் கிரீஸ் சூட்டில் எரிந்துபோகும், திரும்ப கிரீஸ் அடைக்கணும். அதனால் அந்தப் போட்டிக்கே 'ரீபேக்'னு பேர். ஆனால் அதற்கும் கால் நூற்றாண்டு முன்னாடி, 1951 முதல் 1956 வரை, பாரிஸ் புறநகரில் இருபது பேர் அளவில் இளைஞர்கள் தங்கள் சைக்கிளைத் தாங்களே மாற்றிக் கட்டி மண்பாதையில் ஓட்டியிருக்கிறார்கள்.

இரண்டு கதையிலும் பொதுவானது ஒண்ணு. பழைய சைக்கிளை எடுத்துக்கிட்டு, தார் போடாத பாதைக்குப் போனார்கள்.

இதை நம்ம ஊர் ஆளுகிட்ட சொன்னா சிரிப்பார். மணலிக்கு மேற்கே அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. அங்கிருந்து வந்த ஹெர்குலிஸ் சைக்கிளில் கேரியரில் ஒரு மூட்டை, முன் பாரில் பையன், ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி. இத்தனையோடு வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஓட்டிய ஜனங்க நாம. அதற்கு மவுன்டன் பைக்னு யாரும் பேர் வைக்கல. வேலைக்குப் போறதுன்னுதான் சொன்னோம்.

இழுவைப் பாதை

இப்ப தம்பியின் கேள்விக்கு வர்றேன். தெற்குப் பிரான்ஸில் 'கனால் டு மிதி'ன்னு ஒரு கால்வாய் இருக்கு. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வரை 240 கிலோமீட்டர். பியர் போல் ரிக்கே என்பவரின் பொறுப்பில் 1666-ல் வேலை தொடங்கி, 1681-ல் திறந்தார்கள். ரிக்கே அதைப் பார்க்கவில்லை, சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார்.

கால்வாயில் படகு தானாகப் போகாது. கரையில் குதிரை நடக்கும், கயிறு கட்டிப் படகை இழுக்கும். அந்தக் குதிரை நடக்கத்தான் தண்ணீரை ஒட்டியே மட்டமாக ஒரு பாதை. இன்றைக்கு வெளிநாட்டுக்காரர்கள் லீவு போட்டு வந்து சைக்கிள் ஓட்டுவது அந்தப் பாதையில்தான். கால்வாய் மட்டமாக இருந்தாகணும், அதனால் பாதையும் மட்டம். ஏற்றம் இறக்கம் இல்லாததன் ரகசியம் அவ்வளவுதான். நகரத்துப் பக்கம் தார் போட்டிருக்கிறார்கள். தள்ளிப் போனால் மண்ணும் மரவேரும்தான். அங்கேதான் தடித்த டயர் உதவுது.

ஆக, சைக்கிளுக்காக அந்தப் பாதையை யாரும் போடவில்லை. பாரம் இழுத்த கால்கள் போட்ட பாதை அது.

நம்ம பக்கத்துக் கரை

இதைப் படிச்ச உடனே எனக்கு எங்க அப்பா ஞாபகம் வந்தது. மணலியிலிருந்து திருவொற்றியூர் பக்கம் ஷிப்டுக்குப் போவார். "கால்வாக் கரையைப் பிடிச்சா லாரி தொந்தரவு இல்ல"ன்னு சொல்வார். அவர் பிடித்த கரை பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை.

அதுவும் படகுக்காக வெட்டிய கால்வாய்தான். 1801-ல் பேசில் காக்ரேன் என்ற ஆங்கிலேய வியாபாரியிடம் வேலையை ஒப்படைத்தார்கள். 1806 வாக்கில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல். பிறகு பழவேற்காடு வரை நீண்டது. 1837-ல் அரசு எடுத்துக்கொண்டது. வடக்கே கிருஷ்ணா நதி வரைக்கும், தெற்கே மரக்காணம் பக்கம் வரைக்கும் போனது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-ல், பசியில் இருந்த ஜனங்களை வைத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டரை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பேர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவர்கள் பேர் எதிலும் இல்ல.

விறகு, உப்பு, நெல், சுண்ணாம்புக்கிளிஞ்சல் எல்லாம் படகில் வந்தது. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் துடுப்புக்கழி. அதுவும் போதாதபோது ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தார்கள். அங்கே குதிரை, இங்கே மனுஷன். ஆனால் பாதை ஒரே மாதிரிப் பாதை: தண்ணீரை ஒட்டி, மட்டமாக, மண்ணாக.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., 1955-ல் அதே திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1960-களின் கடைசியில் மணலியில் சுத்திகரிப்பு ஆலை, அதைத் தொடர்ந்து உரத் தொழிற்சாலை. சங்கு ஊதினால் சைக்கிள் வெள்ளம். அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு வரி உண்டு, வில்லை உண்டு. ராத்திரி விளக்கு இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும், டபுள்ஸ் போனாலும் பிடிக்கும். கரைப்பாதையில் போலீஸ் கிடையாது. அதுவும் ஒரு காரணம்னு அப்பா சிரிச்சுக்கிட்டே சொல்வார்.

எங்கே பிரிந்தது?

இங்கேதான் நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். ரெண்டு கால்வாய்க்கும் வந்த சோதனை கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரயில் வந்தது. அங்கே 1858-ல் கால்வாயையே ரயில் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். போட்டிக்காரன் கையில் சாவி. இங்கே விஜயவாடாவுக்கு ரயில் போனதும் படகுச் சரக்கு குறைய ஆரம்பித்தது. அப்புறம் லாரி. நமக்குக் கூடுதலாக 1960-களின் நடுவிலும் 1976-லும் அடித்த புயல்கள். கடைசியில் இரண்டு கால்வாயிலும் சரக்குப் படகு நின்றது.

நின்ற பிறகுதான் கதை பிரியுது. பிரான்ஸில் 1983-ல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்டமும் தன் எல்லைக்குள் இருக்கும் நடைபாதைகளுக்குத் திட்டம் போட்டுப் பட்டியல் தயாரிக்கணும். பட்டியலில் ஏறிய ஊர்ப்பாதையை விற்கணும்னா, அதற்கு ஈடாக இன்னொரு பாதையைக் காட்டணும். தொடர்ச்சி அறுபடக் கூடாது. சட்டம் சொன்னது இவ்வளவுதான். கனால் டு மிதி 1996-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கரை மரங்களுக்கு 2006-ல் நோய் கண்டபோது ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள், வேறு ஜாதி மரம் நட்டு வருகிறார்கள். பிரயோஜனம் போன பிறகும் அது யாருடைய பொறுப்புன்னு தெளிவா இருந்தது.

இங்கே படகு நின்ற அன்றைக்கே கரைக்கு ஆள் இல்லாமல் போச்சு. சாக்கடை விட்டார்கள். துறைமுகத்துக்கும் ஆலைக்கும் வேலைக்கு வந்தவர்களுக்கு வேறு இடம் இல்லாததால் கரையில் குடிசை போட்டார்கள். அவர்களைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. தெற்கே பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. 2008-ல் இந்தக் கால்வாய் தேசிய நீர்வழி எண் 4-இன் பகுதின்னு சட்டமே வந்தது. காகிதத்தில் நீர்வழி, கண்ணுக்குச் சாக்கடை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் இந்தக் கால்வாய் வழியாத்தான் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போனதை நீங்க பார்த்திருப்பீங்க.

இன்னும் ஓட்டுகிறார்கள்

'அது அழகுக்கு ஓட்டுற பாதை, நமக்கு எதுக்கு?'ன்னு கேட்கலாம். ஆனால் நம்ம பக்கம் சைக்கிள் இன்னும் நிற்கல. காலையில் ஆறு மணிக்கு மணலி விரைவுச் சாலையில் நின்னு பாருங்க. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஒப்பந்தத் தொழிலாளிகள் சைக்கிளில் போவார்கள். அரசு கொடுத்த சைக்கிளில் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போவார்கள். சைக்கிள் இலவசமா கிடைச்சது. பயம் இல்லாமல் ஓட்டப் பாதை கிடைக்கல. அப்பா 'லாரி தொந்தரவு இல்ல'ன்னு சொன்ன அந்த ஒரு வசதிதான் பறிபோனது.

பிரான்ஸ் மாதிரிப் பட்டியல் நம்மகிட்ட இல்லைன்னு நினைக்காதீங்க. கிராம நிலவரைபடத்திலும் பதிவேட்டிலும் 'வண்டிப்பாதை' இருக்கு, 'கால்வாய் புறம்போக்கு' இருக்கு. பேர் இருக்கு, சர்வே எண் இருக்கு. அதைத் தொடர்ச்சியாகக் காக்கணும் என்ற கடமைதான் எழுதப்படல.

அதனால் தம்பிக்கும் மத்தவங்களுக்கும் ஒரு வேலை கொடுக்கிறேன். உங்க வீட்டில், தெருவில், அந்தக் காலத்தில் சைக்கிளில் ஷிப்டுக்குப் போனவர் யாராவது இருந்தால் உட்கார வச்சுக் கேளுங்க. எந்த வழியா போனீங்க, எங்கே கால்வாயைத் தாண்டினீங்க, எந்த வருஷம் அந்த வழி அடைபட்டது? போன்லயே பதிவு பண்ணி அனுப்புங்க. எல்லாத்தையும் வரைபடத்தில் குறிச்சு வைப்போம். எங்க அப்பாகிட்ட நான் கேட்காம விட்டுட்டேன். நீங்க விட்டுடாதீங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.