காரைக்காலைக் கேட்டது யார்?

திருச்சி கே.கே. நகரில் குடியிருக்கும் நமக்குப் புதுக்கோட்டைச் சாலை அன்றாடம் கால் பதியும் சாலை. அதில் தெற்கே சென்றால் ஒரு பழைய சமஸ்தானத்தின் தலைநகர் வந்துவிடும். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட அந்நாடு 1948 மார்ச் 3ஆம் நாள் சென்னை மாகாணத்தோடு இணைந்து, திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதியாயிற்று. 1974இல் தனி மாவட்டமும் ஆயிற்று. தனித்து நிற்பதா, சேர்ந்து வாழ்வதா என்று குடிமக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடைபெறவில்லை. இன்று அச்சாலையில் செல்கிறவருக்கு எல்லை எங்கே இருந்தது என்றே தெரியாது.

கிழக்கே செல்லும் சாலை வேறு கதை சொல்லும். தஞ்சையையும் திருவாரூரையும் கடந்து, நாகூரில் பாத்திஹா ஓதிவிட்டு வடக்கே திரும்பினால், சிறிது தொலைவிலேயே காரைக்கால் எல்லை வந்துவிடும். இந்த எல்லை மட்டும் அழியவில்லை. இது ஏன் நிலைத்தது என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்புவது.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதில் நம் திருச்சிக்கும் ஒரு பங்கு உண்டு. தஞ்சை மன்னர் தருவதாகச் சொன்ன காரைக்காலைத் தராமல் காலம் கடத்தினார். 1736 முதல் திருச்சியைத் தம் வசம் வைத்திருந்த சந்தா சாகிபு, தம் படையை அனுப்பிக் காரைக்காலைப் பிடித்து, 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். பதின்மூன்று ஆண்டுகள் சென்றபின், திருச்சிப் போரில் தோற்று அவர் தலையிழந்தார். அவர் கொடுத்துச் சென்ற ஊரோ, இடையிடையே ஆங்கிலேயர் பிடித்திருந்த காலம் நீங்கலாக, 1954 வரை பிரெஞ்சுக் கொடியின் கீழேயே இருந்தது. அன்று காரைக்கால் மக்களை எவரும் கேட்கவில்லை. அக்காலத்தில் மக்களைக் கேட்கும் வழக்கமே இல்லை.

கேட்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது 1947க்குப் பிறகுதான். பிரான்சின் 1946ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 27ஆம் ஷரத்து, மக்களின் சம்மதமின்றி எந்தப் பகுதியையும் விட்டுக் கொடுக்கலாகாது என்றது. அதை ஒட்டி 1948 ஜூனில் இரு அரசுகளும் உடன்பாடு கண்டன. பிரெஞ்சு யூனியனுக்குள் தன்னாட்சியோடு இருப்பதா, இந்தியாவோடு இணைவதா என்பதை மக்களே சொல்லட்டும் என்பது முடிவு. பிரதிநிதி சபை ஏற்கெனவே இருந்தது. அதன் 44 இடங்களில் 12 காரைக்காலுக்கு உரியவை.

வங்கத்திலிருந்த சந்தன்நகர் முந்திக் கொண்டது. 1949 ஜூன் 19இல் அங்கு மக்கள் நேரடியாக வாக்களித்தனர். இணைப்புக்கு ஆதரவாக 7,400க்கும் மேல், எதிராக 114. ஐயத்துக்கே இடமில்லை.

தெற்கே அத்தனை எளிதாக இல்லை. பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ் நடக்கும் வாக்கெடுப்பு நேர்மையாய் இராது என்று இந்தியா சொன்னது. 1951இல் வந்த நடுநிலைப் பார்வையாளர்களும், அன்றிருந்த சூழ்நிலை சுதந்திரமான வாக்கெடுப்புக்கு ஏற்றதாக இல்லை என்றே அறிக்கை தந்தனர். இடையே 1949 ஏப்ரலில் சுங்க உடன்பாடு அறுந்தது. கடற்புறம் நீங்கலாகக் காரைக்காலைச் சுற்றிலும் தஞ்சை ஜில்லா; தரையில் எத்திசையில் நடந்தாலும் எல்லை. நாகூரிலும் நாகையிலும் கொள்வினை கொடுப்பினை வைத்திருந்த குடும்பங்கள், பெண் வீட்டுச் சீரையும் சுங்கக்காரரிடம் திறந்து காட்டவேண்டிய காலம் வந்தது. கடத்தல் பெருகியது என்று மட்டும் எழுதிச் செல்லும் வரலாற்று நூல்கள், இந்தக் குடும்பங்களின் இடரைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

நம் சமுதாயத்தாருக்கு இந்தக் கேள்வி கொடியைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. காரைக்கால் முஸ்லிம்களில் பலர் சபுராளிகள். சைகோனில் அவர்களுக்குக் கடைகள் இருந்தன. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் அங்கே எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் தொழுகையோடு விளங்குகிறது. பிரெஞ்சுப் பிரஜை என்ற காகிதம் அந்த வணிகத்துக்கு வேலி போன்றது. அதே வேளையில், அந்தக் காகிதத்துக்காக மார்க்கத்தை விட்டுக்கொடுக்க நம்மவரில் பெரும்பாலோர் இசைந்ததில்லை. 1881இல் வந்த ஆணை, சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பவருக்குக் கூடுதல் உரிமை தந்தது. துறந்தவர்களில் கிறிஸ்தவர்களே மிகுதி. நிக்காஹ்வும் வாரிசுரிமையும் ஷரீஅத்தின்படியே நடக்க வேண்டும் என்று முஸ்லிம்கள் பெரும்பாலும் ஒதுங்கி நின்றனர். பிரான்சின் நிழலில் வாழ்ந்தும் பிரான்சாக மாறாத இவர்களிடம் 'பிரான்சா, இந்தியாவா' என்று கேட்டால், ஒரு சொல்லில் விடை வருமா?

1954 மே 7இல் தியன்பியன்பூ வீழ்ந்தது. இந்தோசீனாவே கைவிட்டுப் போகும்போது காரைக்காலைப் பிடித்து வைத்திருப்பதில் பொருளில்லை என்பதைப் பாரிஸ் உணர்ந்தது. அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், நேற்றுவரை பிரெஞ்சுச் சார்பாளராயிருந்த குபேர் அணி மாறி, வாக்கெடுப்பே வேண்டாம், இணைப்பே போதும் என்றார். இத்தகைய அணிமாற்றங்களை நாம் பிற்காலத்திலும் நிறையப் பார்த்துவிட்டோம், வியப்பதற்கில்லை. அக்டோபர் 18இல் கீழூர் என்னும் சிற்றூரில், புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் முதல் நாள் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

மக்கள் அனைவரும் வாக்களித்திருந்தாலும் முடிவு மாறியிராது என்றே நாம் கருதுகிறோம். எனினும் 178 பேர் வாக்களித்ததை மக்கள் தீர்ப்பு என்று பாடப்புத்தகத்தில் எழுதுவது சற்று மிகை.

அடுத்து வந்ததுதான் முக்கியமானது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில், இப்பகுதிகளின் தனி நிர்வாக அமைப்பு தொடரும், அதில் அரசியல் சட்ட மாற்றம் செய்வதாயின் மக்களின் விருப்பமறிந்தே செய்ய வேண்டும் என்று எழுதப்பட்டது. நேரடியாக வாக்களித்த சந்தன்நகர் மேற்கு வங்கத்தில் கரைந்து போயிற்று. நேரடியாகக் கேட்கப்படாத காரைக்காலோ, இனி உன்னைக் கேட்காமல் மாற்றமாட்டோம் என்ற வாக்குறுதியைப் பெற்றது! கேள்வி இணைப்போடு முடிந்துவிட்டதாக நினைத்தவர்கள், இணைந்தபின் எவ்வாறு வாழ்வது என்பதும் அதே கேள்வியின் மறுபாதி என்பதைக் காணத் தவறினர்.

அவ்வொப்பந்தத்தைப் பாரிஸ் உடனே ஏற்கவில்லை. அல்ஜீரியாவில் போர் நடந்து கொண்டிருந்தது. ஓரிடத்தில் விட்டுக் கொடுத்தால் மற்றோரிடத்தில் என்ன பதில் சொல்வது என்ற தயக்கம். 1962 ஜூலையில் அல்ஜீரிய முஸ்லிம்கள் விடுதலை பெற்றனர். அடுத்த மாதமே, ஆகஸ்ட் 16இல், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இந்த எட்டாண்டுக் காலமும் காரைக்காலார் இந்திய அதிகாரிகளின் ஆட்சியில் வாழ்ந்தும், சட்டப்படி பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருந்தனர்.

அதன்பின் ஆறு மாதத் தவணை. அங்கே பிறந்து அங்கேயே வாழ்பவர் இந்தியக் குடிமக்களாவர். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் அத்தவணைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சைகோன் போன்ற வெளிநாடுகளில் இருந்தவருக்கு விதி நேர்மாறு. சும்மா இருந்தால் பிரெஞ்சுக்காரர், எழுதிக் கொடுத்தால் இந்தியர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் கடை பார்க்கப் போன மூத்தவர் ஒரு நாட்டினராகவும், வாப்பாவுக்குத் துணையாக ஊரில் நின்ற இளையவர் மற்றொரு நாட்டினராகவும் ஆவதற்கு ஒருவரும் பேனாவைத் தொட வேண்டியதில்லை. கீழூரில் கேட்கப்படாதவர்கள், இவ்வாறு தத்தம் வீட்டுத் திண்ணையில் கேட்கப்பட்டனர். 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தபோது, சிலர் ஊர் திரும்பினர். பிரான்சுக்குச் சென்றவர்களும் உண்டு. 1962இல் எழுதாமல் விட்ட காகிதத்தின் மதிப்பு அன்றுதான் பலருக்கு விளங்கியிருக்கும்.

1963 ஜூலையில் புதுவைக்குச் சட்டசபை வந்தது. மாணவப் பருவத்திலேயே விடுதலைப் போராட்டத்தில் பங்கு கொண்ட காரைக்கால் எம்.ஓ.எச். பாரூக் மரைக்காயர், 1967இல் முப்பது வயது நிரம்புமுன்பே அதன் முதலமைச்சரானார். தஞ்சை ஜில்லாவின் ஒரு தாலுகாவாகக் காரைக்கால் கரைந்திருந்தால், இந்த வாய்ப்பு எங்கிருந்து வந்திருக்கும்?

ஒப்பந்த வாக்குறுதி 1979 ஜனவரியில் சோதனைக்கு உள்ளாயிற்று. பிரதமர் மொரார்ஜி தேசாய், இத்தகைய சிறு பகுதிகள் அண்டை மாநிலங்களில் சேர்வதே முறை என்ற கருத்தைத் தெரிவித்தார். புதுவை கொந்தளித்தது. துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நேர்ந்தன. இணைப்பு யோசனை கைவிடப்பட்டது. பேசுவது ஒரே தமிழ், உண்பது ஒரே காவிரிச் சோறு. பிறகு ஏன் இந்தப் பிடிவாதம் என்று தமிழகத்தில் பலர் கேட்டனர். நாமும் கேட்டதுண்டு. கோவாவில் 1967 ஜனவரியில் மகாராஷ்டிரத்தோடு சேரலாமா என்று மக்களையே கேட்டபோது 1,72,191 பேர் தனித்திருக்கவும், 1,38,170 பேர் சேரவும் வாக்களித்தனர். இந்தியாவுக்குள் இருப்பதும் அண்டை மாநிலத்துக்குள் இருப்பதும் ஒன்றல்ல என்பதை அங்கே வாக்குப்பெட்டி சொன்னது. புதுவையில் தெரு சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது புதுவைச் சட்டசபை தனி மாநிலத் தகுதி கேட்டுத் தீர்மானம் மேல் தீர்மானம் போடுகிறது. காரைக்காலிலோ, நூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்துப் புதுவை நம்மைக் கவனிப்பதில்லை, தனி யூனியன் பிரதேசமாகப் பிரித்துவிடுங்கள் என்ற குரலும் கேட்கிறது. 2022இல் பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது, அன்று எழுதிக் கொடுத்தவர்களும் அவர்கள் வழி வந்தவர்களும் வாக்களிக்கப் புதுவையிலும் சென்னையிலும் போலவே காரைக்காலிலும் ஒரு சாவடி திறந்திருந்தது.