எண்களுக்கு இட்ட பட்டப்பெயர்கள்

ஒன்று முதல் தொண்ணூறு வரை எண்ணத் தெரிந்த எவரும் ஆடக்கூடிய ஓர் ஆட்டம் பிரித்தானியாவில் உண்டு. அதன் பெயர் 'பிங்கோ'. ஆடுவோர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு இருக்கும். அதில் மூன்று வரிசைகளாகப் பதினைந்து எண்கள். மேடையில் நிற்பவர், பார்வைபடாது எடுக்கும் எண்களை ஒவ்வொன்றாக உரத்துக் கூவுவார். தம் சீட்டிலுள்ள எண்களையெல்லாம் முதலில் அடித்து முடித்தவருக்கே வெற்றி. இதில் அறிவுக்கு வேலையில்லை. ஆயினும், கூவுபவர் எண்ணை வெறுமனே சொல்வதில்லை. அதற்கொரு பட்டப்பெயரும் சேர்த்துச் சொல்வது பழைய மரபு. வரலாற்று மாணவனுக்கு வேலை அங்கேதான் தொடங்குகின்றது.

பதினாறும் அறுபதும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே ஒலியாய்க் காதில் விழும். இரைச்சல் மிகுந்த கூடத்தில் அந்த மயக்கத்தைத் தீர்க்கப் பட்டப்பெயர் உதவும். ஆனால் அவ்வளவோடு நின்றுவிடவில்லை. சில பெயர்கள் எண்ணின் வடிவத்தைக் கண்டு வைத்தவை: இருபத்திரண்டு 'இரண்டு சிறு வாத்துகள்', அது கேட்டதும் கூடம் முழுவதும் வாத்துப்போலக் கத்தும். பதினொன்று 'கால்கள்'. வேறு சில எதுகைக்காகவே பிறந்தவை: நாலு 'கதவில் தட்டுதல்', எட்டு 'தோட்டத்துப் படலை'. தமிழில் எதுகை போய்விடுகின்றது; ஆங்கிலத்தில் அவை பாட்டுப்போல ஒலிக்கும். ஒன்று என்பதற்குரிய 'கெல்லியின் கண்' 1880இல் தூக்கிலிடப்பட்ட அவுஸ்திரேலியக் கொள்ளைக்காரன் நெட் கெல்லியைக் குறிக்கும் என்பாருளர். கதை சுவையானது, சான்று மெலிந்தது.

என் உள்ளத்தைக் கவர்வன இவையல்ல. எளிய மக்களின் வாழ்க்கை படிந்து கிடக்கும் பெயர்களே. ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லை நன்னூலார் 'குழூஉக்குறி' என்பார். பிங்கோவின் முதற் கூட்டத்தாருள் முக்கியமானவர்கள் போர்வீரர்கள். பிற சூதுகள் விலக்கப்பட்டிருந்த பிரித்தானியப் படைகளில் இவ்வாட்டத்திற்கு மட்டும் இடமளிக்கப்பட்டது. தரைப்படையினர் அதனை 'ஹவுஸ்' என்றனர். கடற்படையினர் 'தொம்போலா' என்றனர். இந்தப் பின்னைய சொல் இத்தாலியிலிருந்து வந்தது. அங்கே நேப்பிள்ஸ் நகரத்தார் இதே தொண்ணூறு எண்களுக்கும் கனவுப் பலன் கூறுவர். நாற்பத்தெட்டு 'பேசும் பிணம்', தொண்ணூறு 'அச்சம்'. ஆங்கிலேயச் சிப்பாய்க்கோ சகுனத்தில் நாட்டமில்லை, கேலியிலேதான் நாட்டம். ஒன்பதுக்கு அவன் இட்ட பெயர் 'வைத்தியர் கட்டளை'. முதலாம் உலகப் போரிலே, நோயென்று சொல்லி வந்த சிப்பாயிடம் வெளிப்படையான நோய் எதுவும் காணாவிட்டால், இராணுவ வைத்தியர் ஒன்பதாம் இலக்க மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார். அது பேதி மாத்திரை!

1960ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்ததும், பிங்கோ கழகங்கள் நாடெங்கும் பெருகின. தொலைக்காட்சியால் வெறிச்சோடிய படமாளிகைகள் பல பிங்கோக் கூடங்களாயின. தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் அங்கே திரண்டனர். வீட்டுக் கணக்கும் அவர்களோடு கூடத்துக்குள் வந்தது. இருபத்தாறு 'அரைக் கிரவுண்'. இரண்டு சிலிங் ஆறு பென்ஸ் பெறுமதியான அந்த நாணயம் 1970 பிறந்தபோது செல்லாக் காசாகிவிட்டது. இருபத்தொன்று 'வாசற்கதவின் திறவுகோல்'. இருபத்தொரு வயது நிரம்பியவனே சட்டப்படி முழு மனிதன். அவ்வயதும் 1970இலேயே பதினெட்டாகக் குறைந்தது. அறுபத்தைந்து 'முதியோர் ஓய்வூதியம்'. அந்த ஓய்வூதிய வயது 2020இல் அறுபத்தாறாயிற்று. உலகம் நகர்ந்தது, பெயர்கள் நகரவில்லை.

பத்து மட்டும் இதற்கு விலக்கு. டவுனிங் தெருப் பத்தாம் இலக்கம் பிரதம மந்திரியின் இல்லமாதலால், அவர் பெயரைச் சொல்லி 'இன்னாரின் குகை' என்று கூவுவர். 2022இல் ஜோன்சன், ட்ரஸ், சுனாக் என மூவர் அங்கே இருந்தனர். கூவுபவர் பாடு பெரும்பாடுதான்!

எல்லாவற்றிலும் நான் பெரிதும் விரும்புவது எழுபத்தாறு. பழைய பிரித்தானியாவில் திருமண அனுமதிப் பத்திரத்தின் விலை ஏழு சிலிங் ஆறு பென்ஸ். ஆகவே அந்த எண் வந்ததும், "அந்த விலைக்கு அவள் தகுந்தவள்தானா?" என்று மேடையிலிருந்து கேள்வி எழும். "கொடுத்த ஒவ்வொரு பென்னிக்கும்!" என்று கூடம் முழங்கும். ஒரு நாட்டின் திருமணச் சட்டமும் நாணய முறையும் இல்லறத்துக் கேலியும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. அரசாங்கத்தின் ஆவணங்களில் அந்தக் கட்டணம் இருக்கும். அந்தச் சிரிப்பு இராது.

இன்று பெரிய கூடங்களில் எண்ணை எந்திரமே தெரிந்தெடுக்கின்றது. ஆட்டம் விரைவாக நடப்பதால் பெரும்பாலும் எண்ணை மட்டுமே சொல்லி நிறுத்திவிடுகின்றனர். பட்டப்பெயர்களை இனிக் கேட்க வேண்டுமாயின் தேவாலய மண்டபங்களையும் கடற்கரை விடுமுறை முகாம்களையும் நாடவேண்டும். அங்கே எழுபத்தாறு விழும்போது, சிலிங் நாணயத்தைக் கையால் தொட்டறியாத இளைஞரும் பாட்டிமாரோடு சேர்ந்து மறுமொழி கூறுவர்.