ஆலை மூடிய பின்னும் ஓடிய வண்டி: ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர், ஒரு பழுதுபார்ப்பு மரபின் வரலாறு



தொழில் வரலாற்றை எழுதுவோர் பொதுவாக இரண்டு நாள்களைக் குறித்துவைப்பர்: ஆலை திறந்த நாள், ஆலை மூடிய நாள். அவற்றுக்கு இடைப்பட்ட காலமே அப்பொருளின் வரலாறு என்று ஏடுகளில் பதிவாகிவிடுகிறது. மோட்டார் வண்டியைப் பொறுத்தவரை இவ்வழக்கம் போதாது. ஆலைக்குள் ஒரு வண்டி இருப்பது சில நாள்களே. வாங்கியவர் வீட்டு முற்றத்திலும் ஊர்ப் பட்டறையிலும் அது முப்பது, நாற்பது, சிலபோது அறுபது ஆண்டுகள் வாழ்கிறது. அந்நெடுங்காலம் அதனை ஓடவைத்த அறிவு எங்கிருந்து வந்தது, எவ்வாறு கைமாறியது, எங்கே எழுதிவைக்கப்பட்டது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் பிரித்தானியச் சிறு ஸ்போர்ட்ஸ் காரையும், அதற்கு மூத்த உடன்பிறப்பாகச் சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் முன்வைத்து அவ்வினாக்களை இப்பதிவில் ஆராய விழைகிறேன்.

நம் சாலையிலிருந்தே தொடங்குவோம். நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலைக்கு அணித்தே உள்ளது கொல்லயில். 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் பேருந்துச் சேவையைத் தொடங்கிவைத்தார். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் இச்சாலையே அதன் தொடக்க வழித்தடமாக அமைந்தது. லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய ஈ.ஜி. சால்ட்டர் அதன் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார். இங்கிலாந்திலிருந்து சேசிஸ் எனப்படும் அடிச்சட்டகங்கள் மட்டுமே கப்பலேறி வந்தன. பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் பூட்டிய அச்சட்டகங்களின்மீது மரமும் தகடும் கொண்டு உடலைக் கட்டியவர்கள் நம் நாட்டுத் தொழிலாளர்கள். சேசிஸ் வேறு, பாடி வேறு என்னும் புரிதல் இப்பகுதிக் கைவினைஞர்க்கு அக்காலத்திலேயே பழகிவிட்டது. சட்டகம் நேராக இருந்தால் மேலுள்ளதை எத்தனை முறையும் மாற்றிக் கட்டலாம் என்பது அவர்களின் தொழில் நெறி. இந்நெறியை நினைவில் வைத்துக்கொண்டு 1950களின் இங்கிலாந்துக்குச் செல்வோம்.

அக்காலத்தில் ஐரோப்பியக் கார் ஆலைகள் தனிச் சட்டகத்தைக் கைவிட்டு, உடலையே சட்டகமாக வார்க்கும் ஒற்றைக்கூட்டு முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. கோவென்ட்ரி நகரின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனமும் அவ்வழியே செல்ல விரும்பியது. அதற்கு உடற்கூடுகளை வார்த்துத் தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. புதிய காருக்கு முழுக்கூடு வார்த்துத்தர ஆளில்லை. வேறு வழியின்றி, வெவ்வேறு சிற்றாலைகளில் துண்டு துண்டாக அடித்த தகடுகளைத் தனிச் சட்டகத்தின்மீது போல்ட் போட்டு இணைக்கும் வடிவத்துக்கு அந்நிறுவனம் திரும்பியது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவானி மிக்கெலோட்டி வரைந்த அந்தக் கார் 1959 ஏப்ரலில் டிரையம்ஃப் ஹெரால்டு என்னும் பெயரில் வெளிவந்தது. எஞ்சின் 948 சி.சி. முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து பானட் முழுவதும் முன்னோக்கிச் சாயும். சாய்த்தபின் முன்சக்கரத்தின்மீது அமர்ந்தே எஞ்சினில் வேலை பார்க்கலாம். கூரையும் போல்ட்டிலேயே நின்றது. வெறும் 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பும்.

வணிகத்தில் நேர்ந்த ஓர் இக்கட்டு, பழுதுபார்ப்பவனுக்கு வரமாக அமைந்த வரலாறு இது. ஒற்றைக்கூட்டு வண்டியில் துரு ஏறினால் வெட்டி வெல்டு வைத்தாக வேண்டும். ஹெரால்டிலோ கெட்ட பகுதியைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம்.

அதே சட்டகத்தைக் குறுக்கி, பக்கக் கைகளை நீக்கி, இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றையும் மிக்கெலோட்டி உருவாக்கினார். பணமின்மையால் அம்முயற்சி நின்றுபோயிற்று. 1961இல் லேலண்ட் நிறுவனம் ஆலையைக் கையேற்றபோது, துணி போர்த்தி மூலையில் கிடந்த மாதிரி வண்டி கண்டெடுக்கப்பட்டது என்பது மோட்டார் வரலாற்றாசிரியர் பலரும் எடுத்துரைக்கும் செய்தி. 1962 அக்டோபரில் 1147 சி.சி. எஞ்சினும் இரட்டை எஸ்.யூ. கார்ப்பரேட்டரும் கொண்டு ஸ்பிட்ஃபயர் வெளிவந்தது. 1980 ஆகஸ்ட் வரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஆக்கப்பட்டன. முன்சக்கரத் தாங்கு அமைப்பு, பின்னால் குறுக்கே கிடக்கும் ஒற்றைப் பட்டைவில், எஞ்சினின் குடிவழி என யாவும் ஹெரால்டிலிருந்து வந்தவை. ஹெரால்டைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்க்கு ஸ்பிட்ஃபயர் அயல் வண்டியாகத் தோன்றாது.

இனிச் சென்னைக்கு வருவோம். 1948இல் நிறுவப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர்ப் பகுதியில் ஆலை அமைத்து முதலில் வேன்கார்டு கார்களைப் பூட்டியது. உதிரிகளை இறக்கிப் பூட்டுவதோடு நில்லாமல் உள்நாட்டிலேயே ஆக்கவும் திட்டம் வேண்டும் என்று 1953இல் தீர்வை ஆணையம் பரிந்துரைத்தது. அதற்கு இசையாத ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவில் கடையைக் கட்டின. இந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்ட் ஆகியவை கார்த் தொழிலில் நிலைத்தன. 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு சென்னையிலிருந்து வெளிவந்தது. ஸ்பிட்ஃபயர் இங்கு ஆக்கப்படவில்லை.

இந்திய ஹெரால்டு பிரித்தானிய வடிவின் படியாக நின்றுவிடவில்லை. இங்கிலாந்தில் இரு கதவுகளோடு நின்ற வண்டிக்கு 1960களின் பிற்பகுதியில் சென்னையில் நான்கு கதவுகள் வைத்தனர். திருப்பங்களில் வேகமாகச் சென்றால் பின்சக்கரம் உள்மடங்கும் குறை மூல வடிவில் இருந்தது. ஹெரால்டின் வழிவந்த கெஸல் என்னும் வண்டியில் அவ்வமைப்பை அகற்றி, ஒரே உறுதியான அச்சு பொருத்தினர். இங்கிலாந்தில் 1971இல் ஹெரால்டு நின்றது. இங்கே அதன் வழித்தோன்றல் 1977 வரை நீடித்தது.

இவ்வகை வண்டியை வீட்டில் பேணுவது எத்தகைய கல்வி என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

முதலாவது டிரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த எஃகுத் தண்டின் அடிப்பகுதி மரைச்சுற்று கொண்டது. அது வெண்கலக் கட்டை ஒன்றினுள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அம்மரை சிறிதே சுழலும். இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை. ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. அதற்குக் கெட்டியான கியர் எண்ணெயை ஏற்ற வேண்டும் என்பது ஆலையின் விதி. கிரீஸ் அடிக்கும் பிற மூட்டுகளைப் போல இதனையும் கருதிக் கிரீஸ் ஏற்றினால், அது மரைச்சுற்றின் அடிவரை இறங்காது. நீர் புகும். துரு அரிக்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். இருபருவ மழையும் பெய்யும் நம் பகுதியில் இந்த ஒரு சொட்டு எண்ணெய் உயிர் காக்கும் செய்தி. இதே தண்டைத்தான் லோட்டஸ் நிறுவனம் தன் புகழ்பெற்ற எலான் ஸ்போர்ட்ஸ் காரிலும் பயன்படுத்தியது.

இரண்டாவது செவிப்புலன். ஸ்பிட்ஃபயரின் இரட்டைக் கார்ப்பரேட்டர்கள் சம அளவில் காற்றை இழுக்க வேண்டும். ஒரு ரப்பர்க் குழலின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்ப்பரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டிலும் சீறல் ஒன்றுபோல் கேட்கும்வரை திருகைச் சரிசெய்வர். வால்வு இடைவெளி 0.010 அங்குலம் என்று ஏட்டில் எண்ணாக எழுதிவிடலாம். அந்தச் சீறலைப் பக்கத்தில் நின்றே கற்றாக வேண்டும்.

கருவிகளிலும் வரலாறு உறைந்துள்ளது. இவ்வண்டிகளின் நட்டுகள் அங்குல அளவின. மில்லிமீட்டர் ஸ்பானர் மட்டும் வைத்திருப்பவர் நட்டின் முனையை மழுக்கிவிடுவார். அரை அங்குல, ஏழு-பதினாறில் அங்குல ஸ்பானர்கள் பழைய பட்டறைப் பெட்டிகளில் இன்றும் கிடப்பது அக்காலத்தின் சான்று. சொற்களும் அவ்வாறே. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் கருவியை நம் பக்கத்துப் பட்டறைகளில் டெல்கோ என்பர். டெல்கோ என்பது ஜெனரல் மோட்டார்ஸ் குழுமத்து மின்கருவிகளின் வணிகப்பெயர். அந்நிறுவனம் 1950களில் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதன் ஆலை ஆவணங்களைத் தேடி நாம் எங்கோ செல்ல வேண்டியிருக்க, அதன் பெயர் மட்டும் மெக்கானிக்குகளின் நாவில் தங்கிவிட்டது. பட்டறைப் பேச்சு ஒரு வரலாற்று ஆவணம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1988ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் இங்கிலாந்தின் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், 1980இல் ஆக்கம் நின்றுபோன எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காருக்குப் பழைய அச்சுகளைக் கொண்டே புதிய உடற்கூடு அடித்து விற்கத் தொடங்கியது. அங்கே பழைய வண்டியைப் பேணுவது தனித் தொழிலாக வளர்ந்தது. வீட்டு ஷெட்டில் வேலை பார்ப்பவர் பட்டியலைப் பார்த்து உதிரியை வரவழைக்கலாம். அதே 1988இல்தான் சென்னை ஸ்டாண்டர்டு ஆலையின் கார் ஆக்கம் முடிவுற்றது. ரோவர் காரின் உடலில் பழைய வேன்கார்டு வழி எஞ்சினைப் பொருத்தி 1985இல் அது வெளியிட்ட ஸ்டாண்டர்ட் 2000 மக்களிடம் எடுபடவில்லை. அதன்பின் ஹெரால்டு உரிமையாளர்க்குத் துணைநின்றவை சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிக் கடைகளும், ஊரில் புஷ் கடைந்துதரும் லேத்துப் பட்டறைகளும், டிங்கரிங் தொழிலாளரின் கையுமே. கிடைக்காத உதிரியைக் கடைந்துகொள்வதும், பிற வண்டியின் உதிரியைப் பொருந்தச் செய்வதும் இங்குப் பேணலின் இயல்பான வழி ஆயின.

இங்கேதான் இன்றைய சிக்கல் எழுகிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வண்டிகளுக்கான பதிவு விதிகளை அறிவித்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு வி.ஏ. என்னும் எழுத்துகளோடு தனி எண் தரப்படும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டுக்குப் பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். பழைய வண்டிகளுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அவ்விதியின் வரையறை கருதத்தக்கது: வண்டி மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும், சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பட்டிருத்தல் கூடாது.

மூல வடிவு எது? உதிரிக் கிடங்கும் பட்டியலும் உள்ள நாட்டில் இவ்வினாவுக்கு விடை எளிது. ஆலை மூடிய நாட்டில், மாற்றங்களின் வழியாகவே வண்டி உயிர்தரித்தது. கோவென்ட்ரியின் இரு கதவு வண்டிக்குச் சென்னையில் நான்கு கதவு வைத்தபோதே மூலம் என்பது நகர்ந்துவிட்டது. துண்டுகளைக் கழற்றி மாற்றுவதற்கென்றே பிறந்த ஒரு வண்டியில், எத்தனை துண்டுகள் மாறினால் அது மூலம் இழக்கும்? அரசு அலுவலர் இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், எம்மாற்றம் எப்போது, எதனால், எவ்வாறு செய்யப்பட்டது என்னும் பதிவு வேண்டும். அப்பதிவு நம் பட்டறைகளில் பெரும்பாலும் வாய்மொழியாகவே உள்ளது. மூத்த மெக்கானிக் ஒருவர் மறையும்போது ஒரு வண்டியின் அரை வரலாறு அவரோடு மறைகிறது. பிற்காலத்தில் அவ்வண்டி மதிப்பீட்டாளர் முன் நிற்கும்போது, அறிவோடு செய்த திருத்தமும் அறியாமல் செய்த சிதைவும் ஒன்றுபோலவே எண்ணப்படும். அத்தொழிலாளருக்கு நாம் இழைக்கும் அநீதி அது.

எனவே இப்பதிவைப் படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் ஹெரால்டு, கெஸல் அல்லது வேறெந்தப் பழைய வண்டியின் பதிவுச் சான்றும், பட்டறை ரசீதும், லேத்துக் கணக்குச் சீட்டும் இருந்தால் பழந்தாள் கடையில் போடாதீர்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்த பின்னரும் நம் வண்டிகள் களியக்காவிளையின் இருபுறமும் பழுது பார்க்கப்பட்டன. ஆகவே இருபுறத்துச் சீட்டுகளும் ஒருசேர வேண்டும். உங்கள் ஊரின் மூத்த மெக்கானிக்கிடம் அமர்ந்து, அவர் செய்த மாற்றங்களை ஆண்டு வாரியாக எழுதிவாங்குங்கள். தனுவச்சபுரம் அரசு ஐ.டி.ஐ. போன்ற பயிலகங்களின் மாணவர்கள் இதனை ஒரு பயிற்சியாகவே மேற்கொள்ளலாம். எழுதும்போது அவர் வழங்கும் பட்டறைச் சொற்களை மாற்றாதீர்கள். டெல்கோ என்று அவர் சொன்னால் டெல்கோ என்றே எழுதுங்கள்.