குற்றஞ்சாட்டாமல் எத்தனை நாள்? பிரிட்டனின் நீண்ட விவாதம்

பிரிட்டனில் காவல் துறை ஒருவரைக் கைது செய்தால், குறித்த கெடுவுக்குள் அவர்மீது குற்றஞ்சாட்ட வேண்டும். இல்லையென்றால் விடுவிக்க வேண்டும். சாதாரணக் குற்றங்களுக்கு அந்தக் கெடு 24 மணி நேரம். கடுமையான குற்றமென்றால் உயரதிகாரியின் அனுமதியோடு 36 மணி நேரம் வரையிலும், நடுவர் நீதிமன்றத்தின் அனுமதியோடு 96 மணி நேரம் வரையிலும் வைத்திருக்கலாம் என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. பயங்கரவாதச் சந்தேகத்தின் பேரில் கைதானவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. 1974-இல் 7 நாள். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 14 நாள். 2006-இல் 28 நாள். இடையில் 90 நாள், 42 நாள் என்று அரசு கேட்ட இரண்டு முறையும் நாடாளுமன்றம் மறுத்தது. 2011-இல் கெடு மீண்டும் 14 நாளுக்கு இறங்கியது. வெளியே தெரிந்த சச்சரவு நாள் கணக்கைப் பற்றியது. ஆனால் ஒருவரைத் தொடர்ந்து அடைத்து வைக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் யார், அமைச்சரா, நீதிபதியா, நாடாளுமன்றமா என்ற கேள்வியே ஒவ்வொரு கட்டத்திலும் விவாதத்தின் அடியில் இருந்தது.

கெடுவுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்

இந்தியாவில் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தி, அவரை ரிமாண்டில் வைத்தபடியே புலனாய்வைத் தொடரலாம்; குற்றப்பத்திரிகை வாரங்களோ மாதங்களோ கழித்து வரும். இங்கிலாந்தின் நடைமுறை அப்படியல்ல. அங்கே முதலில் காவல், பிறகு குற்றச்சாட்டு, அதன் பின்னரே ரிமாண்ட். குற்றஞ்சாட்டிய பிறகு அதே குற்றத்தைப் பற்றிக் காவல் துறை அவரை விசாரிப்பது பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே வாக்குமூலம், ஆவணம், தடயம் என்று எது தேவைப்பட்டாலும் குற்றச்சாட்டுக்கு முந்தைய அந்தச் சில நாளுக்குள் தேடியாக வேண்டும். கூடுதல் நாள் வேண்டுமென்று காவல் துறை திரும்பத் திரும்பக் கேட்டதற்கு இதுவே காரணம்.

குற்றஞ்சாட்டும் நோக்கமே இல்லாமல், ஆபத்தானவர் என்று கருதி அடைத்து வைக்கும் தடுப்புக்காவலும் பிரிட்டனில் இருந்திருக்கிறது. இரண்டும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு. ஆனால் முதலாவதன் கெடு நீள நீள, அது இரண்டாவதாகவே மாறிவிடும் என்ற அச்சம் விவாதம் முழுவதிலும் ஒலித்தது.

போர்க்காலத் தடுப்புக்காவல்

காரணம் காட்டாமல் எவரையும் சிறையில் வைக்கக் கூடாது என்ற கொள்கைக்கு இங்கிலாந்தில் 1215-ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவும் 1679-ஆம் ஆண்டின் ஆட்கொணர்வுச் சட்டமும் அடிப்படையாகக் காட்டப்படுகின்றன. இரு உலகப் போர்களிலும் அந்தக் கொள்கை ஒதுக்கி வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது 18பி என்ற பாதுகாப்பு விதியின்கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். பிரிட்டிஷ் பாசிஸ்டுகளின் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லி 1940 மே மாதம் முதல் 1943 நவம்பர் வரை இப்படிக் காவலில் இருந்தார்.

இந்த விதியை எதிர்த்த வழக்கு, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் செயல்பட்ட பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் முன் 1941-இல் வந்தது. எதிரியோடு தொடர்புடையவர் என்று நம்ப உள்துறை அமைச்சருக்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்று விதி சொன்னது. காரணம் இருப்பதாக அமைச்சரே நம்பினால் போதும், நீதிமன்றம் அதற்குள் புகாது என்று நான்கு நீதிபதிகள் கூறினர். அட்கின் பிரபு மட்டும் மாறுபட்டார். காரணம் உண்மையிலேயே இருந்ததா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை என்றார். பின்னாளில் பிரிட்டிஷ் நீதிபதிகளே அவர் பக்கம் நியாயம் இருந்ததாக ஒப்புக்கொண்டனர். 1976-இல் இந்திய உச்ச நீதிமன்றம் விசாரித்த நெருக்கடிநிலைக் கால ஆட்கொணர்வு வழக்கிலும் இந்தத் தீர்ப்பு எடுத்தாளப்பட்டது.

வட அயர்லாந்து, 1971

தடுப்புக்காவல் அமைதிக் காலத்திலும் நீடித்த இடம் வட அயர்லாந்து. 1922-ஆம் ஆண்டின் சிறப்பு அதிகாரச் சட்டம் அதற்கு வழிவகுத்திருந்தது. ஐரிஷ் தேசியவாத ஆயுத இயக்கமான ஐஆர்ஏவின் தாக்குதல்கள் பெருகியபோது, அப்பகுதியின் பிரதமர் பிரையன் ஃபாக்னர் அந்த அதிகாரத்தைக் கையில் எடுத்தார். 1971 ஆகஸ்ட் 9 விடியற்காலையில் ராணுவம் வீடு வீடாகச் சென்று 342 பேரைப் பிடித்தது. கையிலிருந்த பெயர்ப் பட்டியல் பழையது. தேடப்பட்ட தலைவர்கள் பலர் முன்பே தப்பியிருந்தார்கள். இயக்கத்தை எப்போதோ விட்டு விலகியவர்களும் தொடர்பே இல்லாதவர்களும் சிக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோரை இரண்டே நாளில் விடுவிக்க வேண்டியதாயிற்று.

பிடிபட்டவர்களில் 14 பேர் தனியிடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தலையை மூடித் துணிப்பை, சுவரில் கையூன்றி மணிக்கணக்கில் நிற்க வைத்தல், இடைவிடாத இரைச்சல், தூக்கமின்மை, உணவும் நீரும் மறுப்பு ஆகிய ஐந்து முறைகள் அவர்கள்மீது பயன்படுத்தப்பட்டன. அயர்லாந்து அரசு தொடுத்த வழக்கில், இது மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. சித்திரவதை என்று சொல்லவில்லை.

1975 டிசம்பரில் இந்த முறை கைவிடப்படும் வரை 1,981 பேர் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர். பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பிய லாயலிஸ்டுகள் இவர்களில் 107 பேர் மட்டுமே. மற்றவர்கள் கத்தோலிக்கத் தேசியவாதிகள். ஒரு சமூகத்தை மட்டும் குறிவைத்த நடவடிக்கை என்ற ஆத்திரம் ஐஆர்ஏவுக்கு ஆள் சேர்த்தது. தடுப்புக்காவலை எதிர்த்து 1972 ஜனவரி 30 அன்று டெரி நகரில் நடந்த ஊர்வலத்தின்மீது ராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே மாண்டனர். அந்த ஆண்டு வட அயர்லாந்து மோதலிலேயே மிகக் கொடிய ஆண்டாக முடிந்தது. தடுப்புக்காவல் வன்முறையைக் குறைக்காது, வளர்க்கும் என்று பின்னாளில் வாதிட்டவர்கள் அனைவரும் இந்த அனுபவத்தையே சான்றாகக் காட்டினர்.

கையெழுத்திடுபவர் யார் என்ற கேள்வி இங்கேயும் எழுந்தது. பின்னாளில் ஐரிஷ் தேசியவாதக் கட்சியான சின் ஃபெய்னின் தலைவரான ஜெரி ஆடம்ஸை 1973-இல் அடைத்த ஆணையை அமைச்சர் நேரில் பரிசீலிக்கவில்லை; எனவே அந்தக் காவல் செல்லாது என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது.

எட்டு நாளில் வந்த சட்டம்

வட அயர்லாந்து மோதல் இங்கிலாந்துக்கும் பரவியிருந்தது. 1974 நவம்பர் 21 இரவு பர்மிங்காமில் இரண்டு மதுக்கூடங்களில் வெடித்த குண்டுகள் 21 பேரைக் கொன்றன. எட்டாம் நாளான நவம்பர் 29 அன்று பயங்கரவாதத் தடுப்பு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் நடைமுறைக்கு வந்தது. அமைதிக் காலத்தில் இதற்கு முன் கண்டிராத கடுமையான அதிகாரங்கள் இவை என்பதை உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். காவல் துறை தானாகவே 48 மணி நேரம் வைத்திருக்கலாம். உள்துறை அமைச்சர் கையெழுத்திட்டால் மேலும் ஐந்து நாள். நீதிபதிக்கு அதில் இடமில்லை. பெயரளவில் தற்காலிகமான இந்தச் சட்டம் புதிய வடிவங்களில் கால் நூற்றாண்டு நீடித்தது. இலங்கை 1979-இல் இதே பெயரில் ஒரு சட்டத்தை இயற்றியது. அதன்படி மும்மூன்று மாத ஆணைகளாக 18 மாதம் வரை ஒருவரை அடைத்து வைக்க அமைச்சருக்கு அதிகாரம் கிடைத்தது.

நீண்ட காவலுக்குள் என்ன நடக்கலாம் என்பதைக் கில்ஃபோர்டு வழக்கு காட்டியது. அவ்வூர் மதுக்கூடங்களில் குண்டு வைத்ததாகக் கைதான நால்வர் காவலில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்டது. அதைக்கொண்டே 1975-இல் ஆயுள் தண்டனை பெற்றனர். பல ஆண்டுகளுக்குப் பின் காவல் துறைக் கோப்புகளைப் புரட்டியபோது, விசாரணைக் குறிப்புகளின் தட்டச்சுப் படி ஒன்று கிடைத்தது. அதில் கையால் செய்யப்பட்டிருந்த திருத்தங்கள், விசாரணையின்போது அங்கேயே எழுதியவை என்று நீதிமன்றத்தில் காட்டப்பட்ட கையெழுத்துக் குறிப்புகளோடு பொருந்தின. 1989 அக்டோபரில் நால்வரின் தண்டனையும் ரத்தாயிற்று.

நீதிபதியை ஒதுக்கியது சட்டச் சிக்கலையும் உண்டாக்கியது. வட அயர்லாந்தில் குற்றஞ்சாட்டப்படாமல் விடுவிக்கப்பட்ட நால்வர் தொடுத்த பிரோகன் வழக்கில், 4 நாள் 6 மணி நேரம் நீதிபதி முன் நிறுத்தாமல் வைத்திருந்ததுகூட மனித உரிமை உடன்படிக்கையை மீறியது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1988-இல் கூறியது. அரசு காவல் நாளைக் குறைக்கவில்லை. நெருக்கடி நிலையைக் காரணம் காட்டி உடன்படிக்கையின் அந்தப் பிரிவிலிருந்து விலக்கு எடுத்துக்கொண்டது. பயங்கரவாதச் சட்டம் 2000 வந்தபோதுதான் 48 மணி நேரத்துக்கு மேற்பட்ட காவலை அனுமதிக்கும் பொறுப்பு அமைச்சரிடமிருந்து நீதிபதிக்கு மாறியது. நாள் கணக்கு 7-ஆகவே இருந்தாலும், மொத்த வரலாற்றிலும் பெரிய திருப்பம் இதுவே. விடுதலைப் புலிகள் இயக்கம் 2001-இல் பிரிட்டனில் தடை செய்யப்பட்டதும் இந்தச் சட்டத்தின்கீழ்தான்.

பெல்மார்ஷ் கைதிகள்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் பழைய வகைத் தடுப்புக்காவல் வேறு உருவில் திரும்பியது. சித்திரவதைக்கு ஆளாகக்கூடிய நாட்டுக்கு எவரையும் நாடு கடத்தக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1996-இலேயே கூறியிருந்தது. நாடு கடத்தவும் முடியாது, குற்றஞ்சாட்டவும் ஆதாரம் போதாது என்ற நிலையிலிருந்த வெளிநாட்டவரைக் கால வரம்பின்றி அடைக்க 2001 டிசம்பரில் சட்டம் இயற்றப்பட்டது. பெரும்பாலோர் லண்டனின் பெல்மார்ஷ் சிறையில் வைக்கப்பட்டனர். அவர்களுக்கு எதிரான சான்றுகளில் ஒரு பகுதி அவர்களிடமோ அவர்களுடைய வழக்கறிஞரிடமோ காட்டப்படவில்லை.

2004 டிசம்பர் 16 அன்று பிரபுக்கள் சபையின் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் இந்த ஏற்பாடு மனித உரிமை உடன்படிக்கைக்கு முரணானது என்றனர். மூத்த நீதிபதி பிங்கம் பிரபுவின் தர்க்கம் எளிமையானது. அதே சந்தேகத்துக்குரிய பிரிட்டிஷ் குடிமக்கள் வெளியே நடமாடுகிறார்கள். வெளிநாட்டவரோ விரும்பினால் வேறு நாட்டுக்குப் போய்விடலாம். ஆபத்து உண்மையென்றால் இந்த வேறுபாடு எதற்கு? 2005 மார்ச்சில் அரசு அந்தச் சட்டப் பிரிவைக் கைவிட்டு, வீட்டுக்குள் இருக்க வேண்டிய நேரம், சந்திக்கக் கூடாதவர்கள் என்று கட்டுப்பாடுகள் விதிக்கும் ஆணைகளைக் கொண்டுவந்தது.

தொண்ணூறு நாள்

2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 52 பேர் மாண்டனர். குற்றஞ்சாட்டாமல் வைத்திருக்கும் கெடு அப்போது 14 நாள். அதை 90 ஆக்க வேண்டுமென்று காவல் துறை கேட்டது. சங்கேதமாக்கப்பட்ட கணினிகளைத் திறக்க வேண்டும், கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைப் பார்க்க வேண்டும், வெடிபொருள் இருந்த இடத்தில் தடயவியலாளர்கள் மெதுவாகவே வேலை செய்ய முடியும், பல நாடுகளின் உதவியும் மொழிபெயர்ப்பாளர்களும் தேவை என்று காரணங்களை அடுக்கியது. தற்கொலைத் தாக்குதலில் சம்பவம் நடக்கும் வரை காத்திருக்க முடியாது, ஆதாரம் முழுதாகச் சேரும் முன்பே கைது செய்ய வேண்டியிருக்கும் என்பது அதன் மிக வலுவான வாதம். இவை கூடுதல் ஆட்களுக்கும் கருவிகளுக்கும் காரணமாகலாம், மூன்று மாதச் சிறைக்குக் காரணமாகாது என்று எதிர்த்தவர்கள் பதிலளித்தனர்.

2005 நவம்பர் 9 அன்று காமன்ஸ் சபை 322-க்கு 291 என்ற வாக்குகளில் 90 நாளை நிராகரித்தது. ஆளும் தொழிற்கட்சியிலேயே 49 உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தனர். பிரதமரான பிறகு டோனி பிளேர் அந்தச் சபையில் கண்ட முதல் தோல்வி இது. அதே நாளில் 28 நாள் என்ற திருத்தம் நிறைவேறியது.

2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்தக் கெடு உடனேயே சோதனைக்கு உள்ளானது. திரவ வெடிபொருளால் அட்லாண்டிக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கும் சதி ஆகஸ்டில் அம்பலமானது. கைதானவர்கள் சிலர் ஏறக்குறைய முழு 28 நாளும் காவலில் இருந்தனர். அடுத்த ஓராண்டில் அந்த எல்லை வரை வைக்கப்பட்டவர்கள் ஆறு பேர். மூவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது, மூவர் விடுவிக்கப்பட்டனர். நீண்ட கெடு தேவை என்பவர்கள் முதல் மூவரையும், வேண்டாம் என்பவர்கள் மற்ற மூவரையும் சுட்டிக்காட்டினர்.

இந்தக் காவல் நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதும் விவாதத்துக்கு உரியது. லண்டனில் கைதானவர்கள் பாடிங்டன் கிரீன் காவல் நிலையத்தின் தனி அறைகளில் வைக்கப்பட்டனர். பிணை கிடையாது. 48 மணி நேரம் முடிந்ததும் நீதிபதியின் அனுமதி வேண்டும். ஒரு முறைக்கு அதிகபட்சம் ஏழு நாள். ஆதாரம் திரட்டக் காவல் அவசியமா, புலனாய்வு சுணக்கமின்றி நடக்கிறதா என்ற இரண்டையும் அவர் பார்ப்பார். அந்த விசாரணையின் ஒரு பகுதியின்போது சந்தேக நபரையும் அவருடைய வழக்கறிஞரையும் வெளியேற்றலாம். 14 நாளுக்கு மேல் நீட்டிக்க உயர் நீதிமன்ற நீதிபதியின் அனுமதி தேவைப்பட்டது.

நாற்பத்திரண்டு நாள்

பிளேருக்குப் பின் வந்த கார்டன் பிரவுன் அரசு 42 நாளைக் கேட்டபோது பாதுகாப்பு ஏற்பாடுகளையும் சேர்த்தது. கூடுதல் நாள் எல்லா நேரத்திலும் கிடைத்துவிடாது. காவல் துறைத் தலைவரும் அரசு வழக்கு இயக்குநரும் கேட்டால் உள்துறை அமைச்சர் அதைச் செயல்படுத்துவார், பின்னர் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். இந்த ஏற்பாடே விமர்சனத்துக்கு உள்ளானது. காவலில் இருப்பவரைப் பற்றிய விவரங்களைச் சபையில் பேசினால் வருங்கால வழக்கு கெடும். பேசாவிட்டால் ஒப்புதல் வெறும் சடங்காகும். நீதிபதி பார்க்க வேண்டியதை அரசியல்வாதிகள் பார்க்கும் குழப்பம் என்று பிரபுக்கள் சபையின் அரசியலமைப்புக் குழு கண்டித்தது.

2008 ஜூன் 11 அன்று 315-க்கு 306 என்று மசோதா காமன்ஸ் சபையில் தப்பியது. வட அயர்லாந்தின் ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சியின் ஒன்பது உறுப்பினர்கள் அரசுக்கு வாக்களித்திருந்தனர். பெரும்பான்மையும் சரியாக ஒன்பதுதான். மறுநாள் எதிர்க்கட்சியின் நிழல் உள்துறை அமைச்சர் டேவிட் டேவிஸ் தம் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்து, இதையே பிரச்சினையாக்கி இடைத்தேர்தலில் நின்று வென்றார். அரசு வழக்கு இயக்குநர் கென் மக்டொனால்டு, உளவுத்துறை எம்ஐ5-இன் முன்னாள் தலைவர் எலைசா மானிங்ஹாம்-புல்லர், முன்னாள் அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் பிரபு ஆகியோரும் எதிர்த்தனர். வழக்கு நடத்தியவர்களும் உளவுப் பணியை வழிநடத்தியவர்களுமே தேவையில்லை என்றதால், பாதுகாப்பா உரிமையா என்ற வழக்கமான பிரிவினை இங்கே செல்லுபடியாகவில்லை. அக்டோபர் 13 அன்று பிரபுக்கள் சபை 309-க்கு 118 என்று நிராகரித்தது. அன்றிரவே அரசு 42 நாளைக் கைவிட்டது. குற்றஞ்சாட்டிய பிறகும் நீதிபதியின் அனுமதியோடு விசாரிக்கலாம் என்ற பிரிவு மட்டும் சட்டத்தில் தங்கியது. கெடுவை நீட்டக் காரணமாகச் சொல்லப்பட்ட இடைஞ்சலுக்கு அது மாற்று வழி.

பதினான்குக்குத் திரும்புதல்

2010-இல் வந்த கூட்டணி அரசு பயங்கரவாதச் சட்டங்களை மறுஆய்வு செய்தது. 2007-க்குப் பின் 14 நாளைத் தாண்டி எவரும் வைக்கப்பட்டிருக்கவில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்த 28 நாள் அதிகாரம் 2011 ஜனவரி 25 அன்று காலாவதியாக விடப்பட்டது. 2012-ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் 14 நாளை நிலைப்படுத்தியது. அவசரம் நேர்ந்தால் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்ய 28 நாள் வரைவு மசோதாவும் தயாராக வைக்கப்பட்டது. கட்டுப்பாட்டு ஆணைகளுக்குப் பதிலாகக் கால வரம்பு கொண்ட வேறு ஆணைகள் வந்தன.

மற்ற ஜனநாயக நாடுகளோடு ஒப்பிட்டால் 14 நாளும் நீண்டதே என்று உரிமை அமைப்புகள் கூறிவந்தன. ஐரோப்பிய நாடுகளில் குற்றஞ்சாட்டிய பிறகும் விசாரணை நீதிபதியின்கீழ் புலனாய்வு தொடர்வதால் நேரடி ஒப்பீடு பொருந்தாது என்று அரசு தரப்பு பதிலளித்தது. அந்தக் கெடு இப்போது பயங்கரவாதத்தோடு நிற்கவில்லை. அந்நிய நாட்டுக்காக உளவும் நாசவேலையும் செய்வோரைக் குறிவைத்து 2023-இல் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புச் சட்டமும், நீதிபதியின் அனுமதியோடு 14 நாள் வரை குற்றஞ்சாட்டாமல் வைத்திருக்கும் அதே ஏற்பாட்டை எடுத்துக்கொண்டது.