மதுவிலக்கு பெற்ற பிள்ளை

வரி என்றதும் நம் முன்னோர்களுக்கு நிலத் தீர்வைதான் ஞாபகத்துக்கு வரும். எம்.ரெட்டியபட்டிக் கரிசல்காட்டுச் சம்சாரிக்கு அந்தக் காலத்தில் மழையும் தீர்வையும்தான் கவலை. விற்பனை வரி அப்படிப் பழமையானதல்ல. அதற்கு வயது இன்னும் நூறு ஆகவில்லை. எல்லாப் பண்டங்களுக்குமான விற்பனை வரி இந்தியாவில் முதன் முதலாகப் பிறந்தது நம் சென்னை மாகாணத்தில்தான்.

அது பிறந்த கதை வேடிக்கையானது. 1937-ல் பிரதம மந்திரியான ராஜாஜி, அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். கள்ளுக்கடை மூடினால் குடும்பம் பிழைக்கும். சர்க்கார் கஜானா பிழைக்க வேண்டாமா? 1935-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டம், விற்பனைக்கு வரி போடும் அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுத்திருந்தது. மத்திய மாகாணம் 1938-ல் பெட்ரோலுக்கு அப்படி வரி போட்டது. வழக்கு பெடரல் கோர்ட்டுக்குப் போயிற்று, மாகாணமே ஜெயித்தது. வழி திறந்தது. 1939-ல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். வருஷத்துக்குப் பதினாயிரம் ரூபாய்க்குள் விற்கிறவனுக்கு வரி கிடையாது. அதற்கு மேல் இருபதினாயிரம் வரை மாதம் ஐந்து ரூபாய். அதற்கும் மேலே போனால் அரை சதவீதம். பஞ்சுக்கும் நூலுக்கும் விலக்கு. கைத்தறித் துணி மட்டுமே விற்கும் கடைக்கும் விலக்கு. அருப்புக்கோட்டை போன்ற தறியூர்களுக்கு இது எத்தனை ஆறுதலாக இருந்திருக்கும்! சரக்கு நாலு கை மாறினால் நாலு தடவை வரி என்ற குறை இருந்தது வாஸ்தவம். ஆனாலும் சின்னக் கடைக்காரனிடம் சட்டம் கேட்டது ஒரே கேள்விதான்: ‘எவ்வளவு விற்றாய்?’

அந்த வருஷம் அக்டோபர் முடிவதற்குள் மந்திரி சபை ராஜினாமாச் செய்தது. யுத்த காலத்தில் மதுவிலக்கும் போயிற்று. 1948-ல் மாகாணமெங்கும் திரும்பி வந்தது. 1971-ல் மறுபடி விலகிற்று. வரி மட்டும் ஒரு நாளும் விலகவில்லை. தாய் போய்ப் போய் வந்தாள். பிள்ளை வீட்டை விட்டு நகரவே இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வேறொரு கேள்வி எழுந்தது. ஒரு ராஜ்யத்து வியாபாரி இன்னொரு ராஜ்யத்துக்குச் சரக்கு அனுப்பினால் வரி யாருக்கு? சரக்குப் போய்ச் சேரும் ராஜ்யத்துக்கே என்று 1953-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அப்படியானால் வியாபாரி எத்தனை ராஜ்யத்துக்குத்தான் கணக்கு எழுதுவான்? 1955-ல் அதே கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றிக் கொண்டது. 1956-ல் மத்திய விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. சரக்குப் புறப்படும் ராஜ்யமே வசூலிக்கட்டும் என்று ஏற்பாடாயிற்று.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சக்கரம் மறுபடி சுழன்றது. இப்போது வரி, சரக்குப் போய்ச் சேரும் ராஜ்யத்துக்கு உரியது. வியாபாரி பல ராஜ்யங்களுக்கு ஓட வேண்டாம். மத்திய சர்க்கார் வசூலித்துப் பங்கிடுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எம்.ரெட்டியபட்டியில் ஒரு பெண் மிளகாய்ப் பொடி இடித்துக் கைபேசி மூலம் விற்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். மதுரைக்கும் சென்னைக்கும் மட்டும் அனுப்பினால் வருஷம் நாற்பது லட்சம் வரை அவள் பதிவு செய்ய வேண்டியதில்லை. பெங்களூருக்கு ஒரே ஒரு கிலோ அனுப்பினால் பதிவு செய்தே தீர வேண்டும். கைவினைப் பொருள்களுக்குச் சலுகை உண்டு. மிளகாய்ப் பொடிக்கு இல்லை. பெரிய இணையக் கடை வழியே விற்றால், அந்தக் கடையே நூற்றுக்கு அரை ரூபாய் பிடித்துச் சர்க்காரிடம் கட்டிவிடும். அதைத் திரும்பக் கணக்கில் எடுத்துக் கொள்ளலாம். ஆனால் கணக்கு எழுதத் தெரிய வேண்டும்.

அமெரிக்காவிலும் இந்தத் தகராறு உண்டு. தெற்கு டகோட்டா ராஜ்யம், அங்கே கடையே இல்லாத இணைய வியாபாரியிடமும் வரி வசூலிக்கச் சொல்லிற்று. 2018-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் அந்தச் சட்டம், வருஷத்தில் லட்சம் டாலரோ இருநூறு விற்பனையோ தாண்டாதவனை விட்டுவிட்டிருந்தது. கோர்ட்டும் அதைக் கவனித்துப் பேசியது.

சட்டம் கேட்கும் கேள்வி இப்போது மாறிவிட்டது. எவ்வளவு விற்றாய் என்பதோடு, எங்கே விற்றாய், யார் வழியாக விற்றாய் என்றும் கேட்கிறது. கேட்கட்டும், வரி கொடுக்காமல் ராஜ்யம் நடவாது. ஆனால் பதினாயிரம் ரூபாய் வியாபாரியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 1939-ல் ஒரு சட்டத்துக்குத் தோன்றியதே, அந்தத் தயவு ராஜ்ய எல்லையைத் தாண்டும்போது மட்டும் ஏன் நின்றுவிட வேண்டும்?