வழியம்பலமும் சுமைதாங்கியும்

கிரேக்க பாஷையில் ‘ஸெனோஸ்’ என்று ஒரு சொல் உண்டு. அதற்கு அந்நியன் என்றும் அர்த்தம். விருந்தாளி என்றும் அர்த்தம். முன்பின் தெரியாதவன் எவனோ அவனே விருந்தாளி என்பது அந்த ஜனங்களின் பழைய எண்ணம். இன்றைக்கும் ஏஜியன் கடலில் உள்ள ஏதாவது ஒரு தீவில், ஆட்டு மந்தையும் அத்தி மரமும் தவிர வேறு சந்தடி இல்லாத கிராமத்தில் ஒரு சின்ன ஓட்டல் இருந்தால், அதற்கு அவர்கள் பாஷையில் ‘ஸெனொதொகீயோ’ என்றுதான் பெயர். அந்நியரை ஏற்றுக்கொள்ளும் இடம் என்று பொருள். ஹோமருடைய காவியத்தில், கப்பலை இழந்து, கடலோடு மல்லாடி, பையேக்கியர் தீவில் கரையேறிய ஒடிஸியஸ் அரண்மனைக்கு வருகிறான். கையலம்பத் தண்ணீர் தருகிறார்கள். நல்ல ஆசனம் போடுகிறார்கள். உணவு படைக்கிறார்கள். “நீ யார், எந்த ஊர்?” என்ற கேள்வி சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருகிறது. பெயரைச் சொல்லும்படி அரசன் வற்புறுத்துவதோ மறுநாள், விருந்தும் பாட்டும் ஆன பின்பு.

நம் தமிழ் மட்டும் இளைத்ததா? ‘விருந்து’ என்ற சொல்லுக்கே முதலில் புதுமை என்றுதான் பொருள். புதிதாக வந்தவன் விருந்து. மாமனும் மச்சானும் வந்தால் அது உறவு. முகம் தெரியாதவன் வந்தால்தான் விருந்து. இரண்டு பாஷைகளும் இந்த ஓர் இடத்தில் கைகோத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது.

சொல் அப்படி இருக்கிறது. ஊர் எப்படி இருந்தது? அதைத்தான் இங்கே கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் ஊர் கன்னியாகுமரி ஜில்லாவில் இருக்கும் மணவாளக்குறிச்சி. முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே, வள்ளியாறு கடலோடு சேரும் பக்கத்தில், தென்னையும் கறுப்பு மணலுமாக இருக்கிற கடலோர ஊர். நாஞ்சில் நாடு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கணக்காகச் சொன்னால் நாஞ்சில் நாடு என்பது தோவாளையும் அகஸ்தீசுவரமும் மட்டும்தான். மணவாளக்குறிச்சி கல்குளம் தாலுகாவைச் சேர்ந்தது. நாஞ்சில் நாட்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர்கள் ஆகையால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தில் பழைய நாளில் பிரயாணம் என்றால் நடைதான். பல்லக்கும் மஞ்சலும் ஏறக் கொடுத்து வைத்தவர்கள் சிலர். மற்றவர்கள் நடந்தார்கள், வெறுங்கையோடு நடக்கவில்லை. தலையில் உப்பு, கருவாடு, கருப்பட்டி, தேங்காய், நெல் என்று ஏதாவது ஒன்று இருக்கும். கடற்கரைப் பெண்கள் மீன் கடவத்தைச் சுமந்துகொண்டு விடியுமுன்னே உள்நாட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். அப்படிப் போகிறவர்களுக்காக இரண்டு காரியங்கள் சாலையோரத்தில் செய்து வைத்திருந்தார்கள். ஒன்று வழியம்பலம், மற்றொன்று சுமைதாங்கி.

வழியம்பலத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்லுகிறேன். இடுப்பளவு உயரத்தில் கல் தளம்; அதன் மேல் கல் தூண்கள்; தூண்களின் மேல் கல் பாவிய கூரை. கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது, சுவர்கூடப் பல இடங்களில் கிடையாது. பக்கத்தில் ஒரு கிணறு இருக்கும், மாடு குடிக்கக் கல்தொட்டி இருக்கும், நிழலுக்கு ஆலோ அரசோ இருக்கும். வாடகை என்ற பேச்சு இல்லை. பூட்டு இல்லாததால் சாவி இல்லை. சாவி இல்லாததால் மானேஜர் இல்லை. இரவில் துண்டை விரித்துப் படுத்து, விடிந்ததும் தட்டிப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். இதைவிட அமைதியான விடுதி உலகத்தில் வேறு எங்கே இருக்க முடியும்?

சுமைதாங்கி இன்னும் எளிது. இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். உயரம் ஓர் ஆளின் தோளுக்குச் சரியாக இருக்கும். தனியே வருகிற சுமைக்காரனுக்குப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. பாரத்தைக் கீழே இறக்கிவிட்டால், மறுபடி தலைக்கு ஏற்றக் கைகொடுக்க இன்னொருவர் வேண்டும். நடுவழியில் யாரைத் தேடுவது? ஆகையால் இளைப்பாறவும் முடியாது. சுமைதாங்கி இருந்தால் பாரத்தை அப்படியே கல்லின் மேல் தள்ளிவிட்டு விலகி நிற்கலாம். வேர்வை ஆறியதும் மறுபடி தலையைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கம் தமிழ்நாடு முழுவதும் இருந்தது. இறக்கி வைக்காத சுமையோடு போனவள் அல்லவா? அவள் பெயரால் யாரோ ஒருவருடைய சுமை இறங்கட்டும் என்பது எண்ணம். கவிதை எழுதத் தெரியாத யாரோ கல்லில் செய்த கவிதை இது என்று எனக்குத் தோன்றும்.

இனி, மனசுக்கு ஒவ்வாத பகுதிக்கு வருகிறேன்.

கதவில்லாத அந்த அம்பலத்துக்கு ஒரு கதவு இருந்தது. அது கண்ணுக்குத் தெரியாதது. திருவிதாங்கூரில் யார் யாருக்கு எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்த காலம் அது. தீண்டல் என்று ஒதுக்கப்பட்ட ஜாதியார் அம்பலத்தின் தளத்தில் ஏறக்கூடாது. கிணற்றில் நீர் இறைக்கக்கூடாது. கோயிலை ஒட்டிய வீதிகள் அவர்களுக்கு அடைபட்டவை. தலையில் மிகுந்த பாரம் சுமந்தவர்கள் அவர்கள்தாம். ஆகவே சுமைதாங்கியில் பாரம் இளைப்பாறியது. பாரத்தைச் சுமந்தவர் வெயிலில் நின்றார். சத்திரத்தின் கேள்வி கிரேக்கனுடைய கேள்விதான்: நீ யார்? வித்தியாசம் என்னவென்றால், அவன் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டான். இங்கே தண்ணீருக்கு முன்பே கேட்டார்கள்.

சமஸ்தானத்துச் செலவில் நடந்த ஊட்டுப்புரைகள் இந்த ராஜ்யத்தின் பெருமையாகப் பேசப்பட்டவை. பத்மநாபபுரம் அரண்மனையில் உள்ள இரண்டு மாடி ஊட்டுப்புரையைப் பார்த்தவர்கள் அதன் நீளத்தைக் கண்டு வாயைப் பிளக்காமல் இருக்க மாட்டார்கள். பந்தி பந்தியாகச் சாப்பாடு, எல்லாம் பிராமணர்களுக்கு. அந்த அடுப்புக்கு வேண்டிய விறகும் இலையும் கறிகாயும் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் ‘ஊழியம்’ என்ற கட்டாய வேலையின் மூலமாக, அந்தப் பந்தியின் பக்கமே வரக்கூடாதவர்களின் தலைச்சுமையாக வந்தன. தர்மம் செய்தவர்கள் மனசாரத்தான் செய்தார்கள், அதில் சந்தேகமில்லை. புண்ணியம் கணக்கு எழுதும் புஸ்தகத்தில் இந்தச் செலவை எந்தப் பத்தியில் எழுதினார்களோ!

“காலம் அப்படி, அப்போது யாருக்குத்தான் வேறு மாதிரி தோன்றியிருக்கும்?” என்று சிலர் கேட்கக்கூடும். தோன்றியிருக்கிறது. தஞ்சாவூர் மகாராஜா சரபோஜி 1801-ல் ரெஸிடெண்டு பெஞ்சமின் டோரினுக்குத் தம் சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். ராமேசுவரம் போகும் பாதையில் இருந்த அந்தச் சத்திரங்களில், பிராமணர் முதல் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர் வரையில் எல்லா ஜாதி யாத்திரிகர்களுக்கும் அன்னம் உண்டு என்று அதில் சொல்லுகிறார். சமைத்த சோறு ஒவ்வாதவருக்கு அரிசியும் சாமானும் அளந்து கொடுப்பார்கள். நோயில் விழுந்தவனுக்கு வைத்தியர், குழந்தைக்குப் பால், கர்ப்பிணிக்குக் கவனிப்பு, இறந்துபோனால் அவரவர் முறைப்படி அடக்கம். ஒரே பந்தியில் எல்லாரையும் உட்கார வைத்தார் என்று யாரும் எண்ண வேண்டாம். அப்படி அவர் எழுதவில்லை. இருந்தாலும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பவில்லை. ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் அவர் எழுப்பியதுதான். ஆகவே காலத்தின் மேல் பழி போட்டுவிட்டுக் கையை அலம்பிக்கொள்ள முடியாது.

மணவாளக்குறிச்சிக் கரையிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. 1544-ம் வருஷக் கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கடற்கரையில் கிராமம் கிராமமாக நடந்தார். ஒரு மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். மதம் மாறிய கதையைப் பற்றி அவரவருக்கு அவரவர் அபிப்பிராயம் இருக்கட்டும். நான் கேட்பது வேறு: பாஷை தெரியாத அந்த வெள்ளைக்காரப் பாதிரி இரவில் எங்கே தலை சாய்த்திருப்பார்? முக்குவர்களின் ஓலைக் குடிசைகளை அன்றி அவருக்கு வேறு இடம் ஏது? அம்பலத்தில் ஏற அனுமதி இல்லாதவர்கள் அந்நியனுக்குப் பாய் விரித்திருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிறிது சிறிதாகச் சங்கிலி கழன்றது. 1855-ல் அடிமை முறை ஒழிந்தது. தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859-ல் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று மகாராஜா ‘அனுமதி’ கொடுத்தார். வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களுக்காக முசாபரி பங்களாக்கள் எழுந்தன. பட்லரும் பிரம்பு நாற்காலியும் கோழி ரோஸ்டும் உள்ள அந்தப் பங்களாக்களைப் பற்றி இங்கே விவரிக்க வேண்டியதில்லை. அங்கேயும் ‘நீ யார்’ என்ற கேள்விதான், பதில் மட்டும் வேறு.

பிறகு வந்தார் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயனி. ஐரோப்பாவில் அப்போது காஸ் விளக்குகளின் காலம். ஆஸ்திரியாவில் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த மாண்டில் வலைக்குத் தோரியம் வேண்டும். தோரியம் மோனசைட் என்ற தாதுவில் இருக்கிறது. மோனசைட்டோ பிரேசிலிலிருந்து வந்துகொண்டிருந்தது. திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு சந்தேகப்பட்டு, அதன் பிறப்பிடத்தைத் தேடிக்கொண்டு அவர் வந்தார் என்று கதை சொல்லுகிறார்கள். 1909-ல் மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணலில் மோனசைட்டைக் கண்டார். அடுத்தடுத்த வருஷங்களில் இங்கே மணல் ஆலை ஏற்பட்டது. 1914-ல் யுத்தம் வந்ததும் தொழில் பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று. சுதந்திரத்துக்குப் பின் சர்க்கார் கைக்கு வந்து, இந்திய அரிய மணல் கம்பெனியாக நடக்கிறது.

மோனசைட் மணலுக்கு நெஞ்சுரம் அதிகம். அது யாரிடமும் ஜாதி கேட்கவில்லை. அதனிடமும் யாரும் கேட்கவில்லை. இந்தக் கரையில் கூடை கூடையாகத் தலையில் சுமந்து கொட்டப்பட்ட மணல் கப்பலேறிப் போய், அந்நிய நகரங்களின் வீதிகளிலும் ஓட்டல்களிலும் வெள்ளை வெளிச்சமாக எரிந்தது. அந்த ஓட்டல்களின் வாசலில் சுமந்தவர்களை விடுவார்களா என்பது கிடக்கட்டும். உள்ளூர் அம்பலத்தின் படியிலேயே அவர்களை விடவில்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கு நம் கல்யாணங்களுக்கு வந்தபோது அதையும் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலத்தின் ஓரத்தில் நடந்தவர்கள் ஏழை ஜனங்கள்தாம்.

மற்றவை சமீப காலத்துச் சரித்திரம், வேகமாகச் சொல்லிவிடலாம். வைக்கம் சத்தியாக்கிரகம் 1924-ல். அதைத் தொடர்ந்து சுசீந்திரம் வீதிகளுக்காக 1926-லும் 1930-லும் சத்தியாக்கிரகம் நடந்தது. கோயில் வீதியில் நடக்கிற உரிமைக்காக மனிதன் அடிபட வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேச அறிக்கை வந்து, சமஸ்தானத்துக் கோயில்கள் ஹிந்துக்கள் எல்லாருக்கும் திறந்தன. 1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் பதினைந்தாவது ஷரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். கடைகள், உணவு விடுதிகள், ஓட்டல்கள், கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள் என்று வரிசையாக எழுதி, இவற்றில் ஜாதியின் பேரால் எவரையும் தடுக்கக்கூடாது என்கிறது. ஒரு தேசத்தின் ஆதார சாசனத்தில் கிணற்றையும் ஓட்டலையும் எழுத வேண்டிய அவசியம் இருந்ததே! 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டமோ ஓட்டலில் உள்ள பாத்திரங்களைக்கூட விடவில்லை. தர்மசாலை, சராய், முசாபர்கானா என்று பெயர் பெயராகச் சொல்லி, அங்கே வைத்திருக்கும் பாத்திரத்தைப் புழங்க விடாமல் தடுப்பது குற்றம் என்றது. சட்டம் எழுதியவர்களுக்கு நம் வாசல்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது.

சட்டம் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை. மணவாளக்குறிச்சிக்கு அடுத்தாற்போல் இருக்கிறது மண்டைக்காடு. மாசிக் கொடைக்கு மலையாளக் கரையிலிருந்து பெண்கள் இருமுடி தாங்கி வந்து, பொங்கலிட்டு, பத்து நாளும் மணல்வெளி முழுவதும் ஜனமாக இருக்கும் ஊர். 1982 மார்ச்சில், அந்தக் கொடைச் சமயத்திலேயே, அங்கே ஹிந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. தலைமுறை தலைமுறையாக ஒருவர் பிடித்த மீனை மற்றவர் தின்றவர்கள். ஒரே மணலில் நடந்தவர்கள்.

இப்போது இந்தச் சாலையில் நடந்து போகிறவர் யாரும் இல்லை. மீன் கடவங்கள் வேனிலும் ஆட்டோவிலும் போகின்றன. லாட்ஜ்களில் பேரும் விலாசமும் எழுதி, அடையாள அட்டையின் நகலை வாங்கி வைத்துக்கொண்டுதான் சாவியைத் தருகிறார்கள். ஜில்லா முழுவதும் சாலைகளை அகலப்படுத்தியபோது வழியம்பலங்கள் பல இடிபட்டன. மிச்சம் இருப்பவற்றில் ஆடுகள் படுத்திருக்கின்றன. அவை தளத்தின் மேலேயே ஏறிப் படுத்திருக்கின்றன. சுமைதாங்கிகள் சில இன்னும் நிற்கின்றன. சாலையை உயர்த்தி உயர்த்தித் தார் போட்டதில் அவை இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டன. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவற்றின் மேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள்.